ஒரு முத்திரை, பல வாயில்: ஒற்றை உள்நுழைவின் வரலாறு

ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறி ஹைடெக் சிட்டியில் இறங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் உண்டு. "என்னப்பா வேலை பண்றே?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டால், அவர்களில் சிலர் "சிங்கிள் சைன்-ஆன் பண்றேன் தாத்தா" என்பார்கள். கேட்டவருக்கு விளங்காது, சொன்னவருக்கோ விளக்க நேரம் இருக்காது. இதைத் தமிழில் 'ஒற்றை உள்நுழைவு' என்கிறார்கள். ஒரு நிறுவன ஊழியர் காலையில் ஒரே ஒரு முறை தாம் இன்னார் என்று மெய்ப்பித்துவிட்டால் போதும். அதன்பின் அஞ்சல், கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல் என்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் மறுபடியும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்காமல் அது உள்ளே விடும். தடங்கல் தெரியாமல் இதைச் செய்து கொடுப்பதுதான் அந்தப் பிள்ளைகளின் வேலை.

அடியேன் எவர்சில்வர் பாத்திர வியாபாரி. கணினியைக் கல்லூரியில் படித்தவன் அல்லன். ஆயினும் வரி இணையதளமும் வங்கி இணையதளமும் கடைக்குள் வந்த பிறகு, இந்த நுழைவு என்பது என்ன என்று தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததில் தெளிந்தது இது: பொறி புதிது, கருத்து பழையது. ஒற்றை உள்நுழைவு என்பது எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போடுவது அன்று. எல்லா வாயிலும் நம்பக்கூடிய ஒரே சாட்சியை நிறுத்துவது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரியாததால்தான் நம் கடைகளும் குடும்பங்களும் நஷ்டப்படுகின்றன. அதனை வரலாற்று வழியில் ஈண்டுக் காண்போம்.

முத்திரையும் உண்டியலும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. கடலிலிருந்து இறங்கிய சரக்கும், நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் சரக்கும் காவல் மிகுந்த முற்றத்தில் குவிகின்றன. சோழரின் புலி முத்திரை அவற்றின்மேல் பொறிக்கப்படுகிறது. வியாபாரி கண்ணோடு பார்த்தால் இதன் பயன் உடனே தெரியும். முத்திரை விழுந்த மூட்டையை அடுத்தவர் அவிழ்த்துப் பார்க்கும் தேவை குறைகிறது. புலி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூட்டையை நம்புவது போய், முத்திரை இட்டவரை நம்புவது வந்துவிட்டது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறி ஒப்பந்தப் பாப்பிரசு 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. மூல ஏடு வியன்னாவில் இருக்கிறது. முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன சரக்கு பாலைவனம் கடந்து, நைல் ஆற்று வழியே அலெக்சாந்திரியா சேரும்வரை, வழியில் எந்தெந்தக் கிடங்கில் யாருடைய முத்திரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சாட்சி இல்லாமல் தூர வணிகம் இல்லை என்பது அன்றே தெரிந்த செய்தி.

அடுத்து உண்டியல். கோயில் உண்டியல் அல்ல; வணிகர் எழுதிக்கொள்ளும் பண ஓலை. இதன் வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்றால், ஆங்கிலேயர் 1881-இல் செலாவணி முறிச் சட்டம் இயற்றியபோதும் உண்டியலுக்கான உள்ளூர் வழக்கத்தைத் தனியே காத்து வைத்தார்கள். அதில் 'ஷா ஜோக்' என்று ஒரு வகை உண்டு. அதை யார் கொண்டுவந்து நீட்டினாலும் பணம் கிடைத்துவிடாது. கடைத்தெருவில் நாணயஸ்தர் என்று பெயர் எடுத்த ஒரு 'ஷா' வழியாகத்தான் பணம். பணம் கொடுப்பவருக்கு ஓலை கொண்டுவந்த ஆளைத் தெரியாது, ஷாவைத் தெரியும். ஷாவுக்கு அந்த ஆளைத் தெரியும். இந்த முக்கோணத்தை மனத்தில் வையுங்கள். இன்றைய மென்பொருள் உலகம் முழுக்க இந்த முக்கோணத்தின்மேல்தான் நிற்கிறது.

பாஸ்வேர்டு பிறந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1961-இல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். பெரிய வீட்டில் ஒண்டுக்குடித்தனம் போல. அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள்.

வைத்த மறு ஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது, அது போதவில்லை. 1962-இல் எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து இதை அவரே சொன்னார். 1966-இல் இன்னொரு கூத்து: இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர் எல்லாருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதில் ஊரார் பாஸ்வேர்டுகள் அச்சாகி வந்தன. பாஸ்வேர்டு முறையே பெரும் தொல்லையாகிவிட்டது என்று கோர்பாட்டோவே 2014-இல் செய்தித்தாளிடம் வருந்திச் சொன்னார். 2019-இல் அவர் காலமானார்.

மூன்று தலை நாய்

1983-இல் அதே எம்.ஐ.டி.யில் 'அதீனா' என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுவதும் கணினிகள். எந்த மாணவரும் எதிலும் அமரலாம். அஞ்சலுக்கு ஓரிடம், கோப்புக்கு ஓரிடம், அச்சுக்கு ஓரிடம். ஒவ்வோர் இடத்திலும் பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டே போனால், கம்பியில் ஒட்டுக்கேட்பவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். ரோஜர் நீதாம், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் 1978-இல் எழுதியிருந்த ஒரு முறையை அடிப்படையாக வைத்து, அதீனா குழுவினர் 'கெர்பரோஸ்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. 1988-இல் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில், இதன் உள்ளமைப்பை அதீனா, யூரிபிடிஸ் என்ற இரு பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் நான்கு காட்சி உரையாடலாகவும் எழுதினார்கள். கடினமான சங்கதியை உரையாடலாகச் சொல்லும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல என்று தெரிகிறது!

கெர்பரோஸ் நடக்கும் விதம் இதுதான். காலையில் நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டுகிறீர்கள். அது உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. நடுவில் இருக்கும் சாட்சிக் கணினி உங்களுக்கு ஒரு நாள் சீட்டு அனுப்புகிறது. அதை உங்கள் பாஸ்வேர்டு கொண்டுதான் திறக்க முடியும். அச்சுப் பொறி வேண்டும் என்றால், அந்த நாள் சீட்டைக் காட்டி அச்சுக்கென்று தனிச் சீட்டு வாங்குகிறீர்கள், அஞ்சலுக்கு இன்னொன்று. இவ்வளவும் திரைக்குப் பின்னால் நடந்துவிடும், உங்களுக்குத் தெரியாது. அன்றைய எம்.ஐ.டி.யில் நாள் சீட்டின் ஆயுள் எட்டு மணி நேரம். அதற்கப்புறம் அது செல்லாக்காசு.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ரகசியம் ஊர்சுற்றவில்லை, சீட்டுதான் சுற்றுகிறது. ஒரு வாயிலுக்குக் கொடுத்த சீட்டு இன்னொரு வாயிலில் செல்லாது. சீட்டுக்குக் கெடு உண்டு. நம் உண்டியலிலும் தொகை, யாருக்கு, எத்தனை நாள் கெடு என்று எழுதத்தானே செய்தார்கள்?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000-இல் இந்த முறையை எடுத்துக்கொண்டது. அதன்பின் உலகெங்கும் அலுவலகங்களில் காலையில் ஒரு முறை உள்நுழைந்தவர்கள், பெயர் தெரியாமலே இந்த நாயின் காவலில்தான் வேலை செய்கிறார்கள்.

ஊர் எல்லை தாண்டிய சீட்டு

கெர்பரோஸ் ஒரு வளாகத்துக்குள் நன்றாக ஓடியது. 1990-களின் இறுதியில் மென்பொருளே நிறுவனத்துக்கு வெளியே, இணையத்தில், வேறொருவர் கணினியில் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியது. இப்போது கணக்கு ஒரு கம்பெனியிடம், அஞ்சல் ஒரு கம்பெனியிடம். யார் யாரை நம்புவது?

1999-இல் மைக்ரோசாஃப்ட் 'பாஸ்போர்ட்' என்ற பெயரில், உலகத்துக்கே தானே சாட்சியாக இருக்கிறேன் என்று முன்வந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வேடிக்கை. பாஸ்போர்ட்டின் இணையப் பெயருக்குக் கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணத்தை அந்த நிறுவனம் கட்டவில்லை. விளைவு, ஹாட்மெயில் அஞ்சலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார். ஒரே சாட்சி என்றால், அந்தச் சாட்சியின் வாடகை பாக்கிகூட ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும்! எல்லாரையும் பற்றிய தகவல் ஒரே நிறுவனத்தின் கையிலா என்ற அச்சமும் எழுந்தது. 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முதலிய நிறுவனங்கள் 'லிபர்ட்டி அலையன்ஸ்' என்று மாற்று அணி கட்டின.

முடிவில் வென்றது ஷா ஜோக் முறைதான். 'சாம்ல்' என்னும் பொது இலக்கணம் 2002-இல் தரமாக ஏற்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2005-இல் வந்தது. இதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களுக்குத் தானே சாட்சி. ஊழியர் வெளி மென்பொருளின் வாசலுக்குப் போகிறார். வாசல் அவரைத் திருப்பி, அவர் நிறுவனத்தின் சாட்சியிடம் அனுப்புகிறது. சாட்சி அவரை விசாரித்து, "இவர் எங்கள் ஆள், இந்த வாசலுக்கு மட்டும், இத்தனை நேரம் வரை" என்று எழுதி, கணினிக் கையொப்பம் இட்டுக் கொடுக்கிறது. உலாவி அதைக் கொண்டுபோய்க் காட்ட, கதவு திறக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வெளி மென்பொருள் ஊழியரின் பாஸ்வேர்டை ஒருபோதும் பார்ப்பதில்லை. 2012-இல் 'ஓஆத் 2.0', 2014-இல் 'ஓபன்ஐடி கனெக்ட்' என்று கைப்பேசிக் காலத்துக்கு ஏற்ற எளிய முறைகளும் வந்தன. "கூகுள் கணக்கு மூலம் நுழைக" என்று இன்று நாம் பார்க்கும் பொத்தான் இந்த வம்சம்தான்.

நம் தமிழ் மண்ணில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2017-இல் தன் பலவகை வணிக மென்பொருள்களை 'ஜோஹோ ஒன்' என்ற பெயரில் ஒரே கணக்கின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரே நுழைவில் கணக்கு, வாடிக்கையாளர் பதிவு, ஆள் நிர்வாகம் எல்லாம்.

நம் ஊரிலும் நாட்டிலும்

ஹைதராபாத்வாசிகளுக்கு இந்த ஆசை புதிதல்ல. 2001-இல் 'இ-சேவா' வந்தபோது, மின்சாரத்துக்கு ஒரு வரிசை, தண்ணீருக்கு ஒரு வரிசை, வீட்டு வரிக்கு ஒரு வரிசை என்று கால் கடுக்க நின்றவர்கள் ஒரே ஜன்னலில் கட்டிவிட்டு வந்தோம். 2011-இல் 'மீ சேவா' அதை விரிவாக்கியது. அது ஒற்றை ஜன்னல். ஒற்றை உள்நுழைவு அல்ல. ஆனால் குடிமகன் துறைகளைத் தேடி அலையக் கூடாது, துறைகள்தாம் பின்னால் பேசிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒன்றேதான்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. பதினைந்து எழுத்துள்ள நம் பதிவு எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறி. தெலங்கானாவுக்கு 36, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் நம் பான் எண். ஆக, அடையாளம் ஒன்றாகிவிட்டது. நுழைவு ஒன்றாகவில்லை. சரக்கு அனுப்பும் இ-வே பில்லுக்கு 2018-இல் தனித் தளம், தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. 2020-இல் மின் விலைப்பட்டியல் தளம் வந்தபோது, இ-வே பில்லின் பெயரையும் பாஸ்வேர்டையுமே அங்கும் பயன்படுத்தலாம் என்றார்கள். வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, வங்கி என்று மற்றவை தனித்தனி.

அடையாளம் வேறு, மெய்ப்பித்தல் வேறு என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். நம் ஜி.எஸ்.டி. எண் நாம் கொடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிறது, ஊருக்கே தெரியும். அது பெயர்ப்பலகை. சாவி அல்ல. 2023 மத்திய பட்ஜெட்டில், குறிப்பிட்ட அரசு அமைப்புகளின் கணினி முறைகளில் வணிக நிறுவனங்களுக்குப் பான் எண்ணே பொது அடையாளமாகும் என்று அறிவித்ததும் பெயர்ப்பலகை பற்றியதுதான். சாவிப் பக்கத்துக்கு 2022 ஜூலையில் 'மேரி பெஹ்சான்' என்ற தேசிய ஒற்றை உள்நுழைவு வந்தது. டிஜிலாக்கர், இ-பிரமாண், ஜன் பரிச்சய் ஆகிய மூன்று சாட்சிகளில் ஒன்றை வைத்துப் பல அரசு சேவைகளுக்குள் போகலாம். சாட்சி ஒன்றே ஆகாமல் மூன்றாக இருப்பது நல்ல ஏற்பாடு.

சாட்சி பொய்த்தால்

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு ஒற்றைச் சாட்சியின் ஆபத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரண்மனைப் பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் நம்பினான்; கோவலன் கையிலிருந்த சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. சாட்சி சொன்னவனே கள்வன். பரல் முத்தா மாணிக்கமா என்று சோதித்தது, கொலை முடிந்து கண்ணகி வந்து வழக்குரைத்த பிறகு. எல்லாரும் நம்பும் ஓரிடத்தில் பொய் புகுந்தால், அடுத்துள்ள காவல் அனைத்தும் அந்தப் பொய்க்கே ஏவல் செய்யும்.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்ட 'சோலார்விண்ட்ஸ்' ஊடுருவலில் நடந்தது இதன் கணினி வடிவம். சில இடங்களில் ஊடுருவியவர்கள் சாட்சி கையொப்பம் இடும் மூல முத்திரையையே திருடினார்கள். பிறகு யார் பெயரிலும் தாங்களே சீட்டு எழுதிக்கொண்டார்கள். கதவுகள் முத்திரையைப் பார்த்தன, சரியாக இருந்தது, திறந்தன.

அதே மாதம் 14-ஆம் தேதி, நம் நேரம் மாலை ஐந்தேகால் மணி அளவில், கூகுளின் சாட்சி அமைப்பு சுமார் முக்கால் மணி நேரம் முடங்கியது. திருட்டு ஒன்றுமில்லை, சேமிப்பிட ஒதுக்கீட்டில் ஏற்பட்ட உள்கோளாறு. அஞ்சல், நாட்காட்டி, கோப்பு எல்லாம் உயிரோடுதான் இருந்தன, நுழையத்தான் முடியவில்லை. உள்நுழையாமல் யூடியூப் பார்த்தவர்களுக்கு அது ஓடியது! கோளாறு சாட்சியிடம் மட்டுமே என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆக, 'தடங்கல் இல்லாத நுழைவு' என்பதன் பொருள் காவலே இல்லை என்பதல்ல. பத்து வாசலில் இருந்த காவல் ஒரே வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே பத்து மடங்கு கவனம் வேண்டும்.

கடைக்கும் வீட்டுக்கும்

பெரிய கம்பெனிகளில் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நம்மைப் போன்ற பத்து பேர் வேலை செய்யும் கடையில்? பல மென்பொருள் நிறுவனங்கள் ஒற்றை உள்நுழைவு வசதியை விலை கூடிய திட்டத்தில்தான் தருகின்றன. கதவை விற்றுவிட்டு நல்ல பூட்டுக்குத் தனிக் காசு கேட்பது போன்றது இது. இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் கம்பெனியில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். காவல் வேண்டியது பெரிய முதலாளிக்கு மட்டுமல்ல.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டு 'நம்மளதும் ஒற்றை நுழைவுதான்' என்று இருந்துவிடாதீர்கள். அது சாட்சி முறை அல்ல. ஒரே சாவிக்குப் பத்து நகல். எங்கோ ஒரு சின்னத் தளம் திருடுபோனால் வங்கிவரை போய்விடும்.

இரண்டாவது, முதலாளியின் பாஸ்வேர்டைக் கணக்குப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர் வசதி இருக்கிறது. ஆளுக்கொரு பெயர் கொடுங்கள். அவர் வேலையை விட்ட அன்றே அதை முடக்கலாம். ஒற்றை உள்நுழைவின் பெரிய லாபம் நுழைவதில் அல்ல, நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஓரிடத்தில் பெயரை எடுத்தால் எல்லா வாசலும் அவருக்குப் புதிதாகச் சீட்டுத் தராது. கையில் இருக்கும் சீட்டோ கெடு முடியும்வரை செல்லலாம். அதனால்தான் கெடு குறுகியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சாட்சிக் கணக்குக்கு இரண்டாம் காவல் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் இ-வே பில், மின் விலைப்பட்டியல் தளங்களில் எல்லா வரிதாரருக்கும் ஓ.டி.பி. சேர்ந்த இரட்டைச் சோதனை கட்டாயமாயிற்று. இதைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பத்து வாசல் காவலை ஒன்றாக்கினால் அந்த ஒன்று தடிப்பாகத்தான் இருக்கும்.

நான்காவது, அந்த ஓ.டி.பி. எந்தக் கைப்பேசிக்கு வருகிறது என்று பாருங்கள். அண்ணன் பெயரில் வாங்கிய பழைய சிம்மா, வேலையை விட்டுப்போன பையனின் எண்ணா, வெளிநாட்டில் இருக்கும் மகளின் எண்ணா? குடும்பத் தலைவர் திடீரென்று படுத்துவிட்டால் வரி கட்ட, மருந்துக்குப் பணம் எடுக்க யாருக்கு வழி தெரியும்? வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று மனைவி மக்களிடம் சொல்வதுபோல், எந்தக் கணக்கு எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு எழுத வேண்டாம். வழி எழுதினால் போதும்.

ஐந்தாவது, சாட்சி முடங்கும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். கணக்கின் நகல் ஒன்று கடையிலேயே இருக்கட்டும். முக்கால் மணி நேரம் இணையம் மூடினால் கல்லாவும் மூட வேண்டிய நிலை வரக் கூடாது.

தமிழ் வணிகர் முத்திரையை நம்பிக் கடல் தாண்டினார்கள். முத்திரையை நம்பினார்களே தவிர, அதைக் கண்டவரிடம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நம் சங்கத்தின் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பெரியவர்களின் கணக்குகளையும் கைப்பேசி எண்களையும் அவர்கள் கூடவே உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தால், அது இந்த ஆண்டு மலருக்குச் சந்தா கட்டுவதைவிடப் பெரிய தமிழ்த் தொண்டாகும். பெரியவர்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும்: பாஸ்வேர்டைத் தாங்களே தட்ட வேண்டும், பேரப்பிள்ளை கேட்டாலும் சொல்லக் கூடாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் வணிகம்!